காத்திருக்க முடிந்தவருக்கா அரசு வேலை?

2022 பிப்ரவரி 23 அன்று தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் குரூப் 2, குரூப் 2ஏ பதவிகளுக்கான அறிவிக்கையை வெளியிட்டது. ஐயாயிரத்து ஐந்நூறுக்குச் சற்று மேற்பட்ட இடங்களுக்குப் பதினொன்றரை லட்சத்துக்கும் அதிகமான பட்டதாரிகள் விண்ணப்பித்தார்கள். மே 21ஆம் தேதி முதல்நிலைத் தேர்வு நடந்தது. அதில் தேறிய 55 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு முதன்மைத் தேர்வு நடந்தது 2023 பிப்ரவரி 25ஆம் தேதி. அன்றும் வினாத்தாள்களில் பதிவெண் வரிசை மாறிப்போனதால் பல மையங்களில் காலைத் தாள் தாமதமாகத் தொடங்கியது. பிற்பகல் தாளையும் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. முடிவுகள் வெளிவரத் தொடங்கியதோ 2024 ஜனவரியில். 22 வயதில் விண்ணப்பித்த ஒரு பெண்ணுக்குத் தான் தேறினோமா இல்லையா என்று தெரியவந்தபோது வயது 24. மேற்படிப்பில் சேர்வதா, கிடைத்த தனியார் வேலைக்குப் போவதா, அடுத்த தேர்வுக்கு உட்காருவதா, வீட்டில் பார்க்கும் வரனுக்குச் சரி சொல்வதா என்ற முடிவுகள் எல்லாம் அந்த ஒரு விடைக்காகத் தேங்கி நின்றன.

குரூப் 2 என்றாலே பாடத்திட்டத்தையும் கட் ஆஃபையும் போட்டியின் கடுமையையும் பற்றித்தான் பேச்சு எழுகிறது. எந்தப் புத்தகத்தை எத்தனை முறை படிக்க வேண்டும், எந்தப் பயிற்சி மையம் நல்லது என்பதற்குப் பக்கம் பக்கமாக வழிகாட்டிகள் வந்துவிட்டன. ஆனால் இந்தத் தேர்வில் மிகக் கடினமான பகுதி காலம்தான். அறிவிப்பு எப்போது வரும், எத்தனை இடங்கள் இருக்கும், தேர்வு எந்த முறையில் நடக்கும், முடிவு எந்த மாதம் தெரியும் என்ற நான்கு கேள்விகளுக்கும் உறுதியான விடை இல்லாமல் நடத்தப்படும் தேர்வு, படித்தவரின் தகுதியோடு சேர்த்து அவர் குடும்பத்தின் தாங்கும் சக்தியையும் அளக்கிறது. எளிய வீட்டுப் பிள்ளைக்குச் சம வாய்ப்புக் கொடுக்க உருவான ஏற்பாடு, அந்தப் பிள்ளையால் அதிக நாள் காத்திருக்க முடியாது என்ற ஒரே காரணத்தால் அவரை வெளியேற்றுகிறது. இது இயற்கைச் சீற்றமோ தலைவிதியோ அல்ல. நிர்வாகம் நினைத்தால் திருத்தக்கூடிய குறை.

படிப்பின் அளவை முதலில் பார்த்துவிடுவது நல்லது. முதல்நிலைத் தேர்வில் 200 வினாக்கள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். பொதுத்தமிழிலோ பொது ஆங்கிலத்திலோ 100 வினாக்கள், பொது அறிவில் 75, திறனறிவில் 25. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பது கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான அரசுப் பாடநூல்களே பெரும்பகுதிக்கு ஆதாரம். தயாராகிறவர்கள் ‘ஸ்கூல் புக்’ என்று சொன்னால் அவற்றைத்தான் சொல்கிறார்கள். கணக்குப் பகுதியில் மீப்பெரு பொது வகுத்தி, மீச்சிறு பொது மடங்கு, தனிவட்டி, கூட்டுவட்டி, நேரமும் வேலையும், பரப்பளவு, கனஅளவு என்று பத்தாம் வகுப்பைத் தாண்டாத பாடங்கள். இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் புத்தகத்தையும் பழைய வினாத்தாள்களையும் வைத்துக்கொண்டு, தாளவாடியில் இருப்பவரும் தங்கச்சிமடத்தில் இருப்பவரும் சென்னைக்காரருக்கு நிகராகத் தயாராகலாம். ஒழுங்காக உட்காரும் ஒரு பட்டதாரி பத்துப் பன்னிரண்டு மாதங்களில் முழுப் பாடத்திட்டத்தையும் ஒருமுறை முடித்து, இன்னொருமுறை திருப்பியும் பார்த்துவிடலாம் என்பது என் கணிப்பு. அதற்குமேல் செலவாகும் ஆண்டுகளில் புதிதாகக் கற்பது கொஞ்சம்தான். லட்சக்கணக்கானோர் ஒரே புத்தகத்தைப் படிக்கும்போது ஓரிரு வினாக்களுக்குள் ஆயிரக்கணக்கானோர் நெருங்கி நிற்கிறார்கள். அந்த ஓரிரு வினாக்களுக்காகவும் அடுத்த அறிவிப்புக்காகவும்தான் மீதிக் காலம் கரைகிறது.

இந்தத் தேர்வு முறை எதற்காகப் பிறந்தது என்பதை மறந்துவிட்டால் இன்றைய குறையின் கனம் புரியாது. சென்னை மாகாணச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின்படி 1929இல் சென்னைப் பணியாளர் தேர்வாணையம் ஏற்பட்டது. இந்திய மாகாணங்களில் இப்படி அமைந்த முதல் ஆணையம் இதுதான். அதிகாரியின் தயவும் சாதிச் செல்வாக்கும் வேலை வாங்கித் தந்த காலத்தில், பொதுவான வினாத்தாளும் வெளிப்படையான இடப் பங்கீடும் வந்தன. இன்று 69 சதவீத இடஒதுக்கீடு, தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 20 சதவீத முன்னுரிமை, பெண்களுக்குத் தனி ஒதுக்கீடு என்று அந்த வழி அகலமாகியிருக்கிறது. குரூப் 2 பதவிகளில் பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்குப் பெரும்பாலும் மேல் வயது வரம்பே இல்லை. தாய் தகப்பன் கல்லூரி வாசலை மிதிக்காத வீட்டிலிருந்து ஒருவர் சார்பதிவாளராகவோ உதவி ஆய்வாளராகவோ போய் உட்காருவது இந்த ஊரில் அன்றாடச் செய்தி. அது எவ்வளவு பெரிய சாதனை என்பது வடமாநிலங்களோடு ஒப்பிட்டால் தெரியும். அந்தச் சாதனையைக் காப்பாற்ற வேண்டும் என்ற கவலையில்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அறிவிப்புகளின் வரிசையைப் பாருங்கள். 2018இல் குரூப் 2 நேர்முகத் தேர்வுப் பதவிகளுக்கு 1,199 இடங்கள் அறிவிக்கப்பட்டன. அடுத்த குரூப் 2 அறிவிக்கை வந்தது 2022இல். இடையில் கொரோனா இருந்தது உண்மை. ஆனால் 2019இல் கொரோனா இல்லை. 2023இல் அறிவிக்கை இல்லை. 2024 ஜூனில் 2,327 இடங்கள். 2025 ஜூலையில் 645 இடங்கள். அறிவிக்கைக்குப் பிறகு காலியிடங்கள் கூட்டப்படுவதும் உண்டு. 2022 அறிவிக்கையின் எண்ணிக்கை பின்னர் ஆறாயிரத்தைத் தாண்டியது. கூடுவது நல்லதுதானே என்று கேட்கலாம். கூடும் இடங்கள் மகிழ்ச்சி தருகின்றன, மறுக்கவில்லை. ஆனால் தயாராகும் ஒருவர் தன் வாழ்க்கையில் ஓராண்டை இதற்கு ஒதுக்கலாமா கூடாதா என்று முடிவெடுப்பது, வாய்ப்பின் அளவு தெரிந்தால்தான் அறிவார்ந்த முடிவாக இருக்கும். 645 என்று அறிவித்த ஆண்டும் 5,529 என்று அறிவித்த ஆண்டும் ஒரே ஆண்டுகளா? ஓய்வு பெறுவோரின் பட்டியல் ஒவ்வொரு துறையிடமும் பல ஆண்டுகளுக்கு முன்பே இருக்கிறது. யார் எந்த மாதம் ஓய்வு பெறுவார் என்பது பணியில் சேரும் நாளிலேயே ஏறத்தாழத் தெரிந்துவிடும் விவரம். அப்படியிருக்க, காலியிட எண்ணிக்கை ஓராண்டு வெள்ளமாகவும் மறு ஆண்டு வறட்சியாகவும் வருவதற்குத் துறைகள் பட்டியலைக் காலத்தில் அனுப்பாததும் நிதித் துறை அனுமதியைத் தள்ளிப்போடுவதும் தவிர வேறு பெரிய காரணம் இருக்க முடியாது.

தேர்வு முறையும் நிலையாக நிற்கவில்லை. 2019 செப்டம்பரில் குரூப் 2, 2ஏ இரண்டையும் இணைத்து, முதல்நிலையில் மொழிப் பகுதியை எடுத்துவிட்டார்கள். தமிழை நீக்கியதாகப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. தமிழ்ச் சமூக வரலாறும் தமிழ்நாட்டு வளர்ச்சி நிர்வாகமும் தனி அலகுகளாக வந்தன. ‘யூனிட் எட்டு, யூனிட் ஒன்பது’ என்று அவற்றுக்காகவே புத்தகங்கள் அச்சாகின. 2021 டிசம்பரில் தமிழ்த் தகுதித்தாள் கட்டாயம் என்று அரசாணை வந்தது. 2022 தேர்வில் மொழிப் பகுதி நூறு வினாக்களோடு முதல்நிலைக்குத் திரும்பியது. 2024இல் குரூப் 2க்கும் 2ஏக்கும் முதன்மைத் தேர்வைப் பிரித்தார்கள்; 2ஏ தேர்வின் பொது அறிவுத் தாள் கொள்குறி வகைக்கு மாறியது; குரூப் 2க்கு நேர்முகத் தேர்வு கைவிடப்பட்டது. இந்த மாற்றங்களில் பலவற்றை நான் வரவேற்கிறேன். தமிழ்நாட்டு அரசு அலுவலருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. சந்தேகத்துக்கும் சிபாரிசுக்கும் இடம் கொடுத்த நேர்முகத் தேர்வை நீக்கியது மிகச் சரியான முடிவு. ஆனால் 2018இல் தயாரிப்பைத் தொடங்கி 2024 வரை எழுதிய ஒருவர், அடிப்படையில் மூன்று வெவ்வேறு தேர்வுகளுக்குத் தயாராகியிருக்கிறார். ஒவ்வொரு மாற்றத்தின் போதும் பழைய குறிப்பேடுகள் பாதி பயனற்றுப் போயின. புதிய பாடப் பொருளை முதலில் கொண்டுவந்து விற்ற பயிற்சி மையங்கள் பயன்பெற்றன. மாற்றம் நல்லதாக இருந்தாலும் அதற்குரிய அவகாசம் இல்லாமல் வந்தால், காசு கொடுத்து உடனே தன்னைத் திருத்திக்கொள்ள முடிந்தவருக்கே சாதகம்.

ஆணையத்தின் உள்நிலையும் இதில் சேர்கிறது. 2022 ஜூன் முதல் 2024 ஆகஸ்ட் வரை, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக, ஆணையத்துக்கு முழுநேரத் தலைவர் இல்லை. அரசு பரிந்துரைத்த பெயரை ஆளுநர் ஏற்கவில்லை. பொறுப்புத் தலைவரைக் கொண்டு வேலை நடந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 315ஆம் பிரிவின் கீழ் நிற்கும் ஓர் அமைப்பை இப்படி விட்டுவைத்ததன் விலையை ராஜ்பவனும் கொடுக்கவில்லை, கோட்டையும் கொடுக்கவில்லை.

அந்த விலையை யார் கொடுத்தார்கள் என்று ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2023 பிப்ரவரியில் முதன்மைத் தேர்வுக்குத் தகுதிபெற்றிருந்தவர்கள் 55 ஆயிரம் பேர். பத்து மாதங்களுக்கு மேல் முடிவு தெரியவில்லை. பெருக்கினால் ஏறத்தாழ 45 ஆயிரம் ஆண்டுகள் வருகிறது. எல்லோரும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை என்பது தெரியும். சிலர் வேலையில் இருந்தார்கள், சிலர் குரூப் 1க்கும் வங்கித் தேர்வுக்கும் படித்தார்கள். பாதியைக் கழித்தாலும் இருபதாயிரம் ஆண்டுகளுக்குமேல் மிஞ்சும். மாநிலத்தில் நன்றாகப் படித்த, முதல்நிலையைத் தாண்டிய இளைஞர்களின் உழைக்கும் காலம் அது. எந்த வரவு செலவுத் திட்டத்திலும் இந்தச் செலவு காட்டப்படுவதில்லை, ஏனென்றால் அது அரசின் பணத்திலிருந்து போகவில்லை. அப்பாவின் சம்பளத்திலிருந்தும், அம்மாவின் மகளிர் குழுக் கடனிலிருந்தும், அண்ணன் வளைகுடாவிலிருந்து அனுப்பும் தொகையிலிருந்தும் போகிறது. சென்னையிலோ மதுரையிலோ அறை எடுத்து, மெஸ்ஸில் சாப்பிட்டு, டெஸ்ட் பேட்சுக்குக் கட்டணம் கட்டித் தங்குவதற்கு மாதம் எவ்வளவு ஆகும் என்பது எந்தத் தகப்பனுக்கும் தெரியும். அந்தத் தொகையை ஓராண்டுக்குப் புரட்டிவிடும் குடும்பம் ஏராளம். மூன்றாண்டுக்குப் புரட்டும் குடும்பம் குறைவு. படிப்பில் பின்தங்காத பிள்ளை, பணம் தீர்ந்ததால் பெட்டி கட்டிக்கொண்டு ஊர் திரும்பும் இடம் இதுதான்.

பெண்களுக்கு இது இன்னும் இறுக்கம். சமீப ஆண்டுகளில் இந்தத் தேர்வுகளுக்கு விண்ணப்பிப்போரில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். மகள் படிக்கட்டும் என்று வீடு தரும் அவகாசத்துக்கு ஒரு முடிவு உண்டு, அது பெரும்பாலும் திருமணப் பேச்சோடு வருகிறது. ‘அடுத்த ஜூனில் தேர்வு, அதற்கடுத்த மார்ச்சில் முடிவு’ என்று ஒரு பெண் வீட்டில் உறுதியாகச் சொல்ல முடிந்தால் அந்த அவகாசத்தை நீட்டி வாங்கலாம். ‘எப்போது வரும் என்று தெரியாது’ என்று சொல்பவளுக்கு யார் அவகாசம் தருவார்கள்?

காத்திருப்பு எவ்வளவு ஆழமாகக் காயப்படுத்தும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு கசப்பான சான்று உண்டு. 2001ஆம் ஆண்டின் இறுதியில் நிதி நெருக்கடியைக் காரணம் காட்டிப் பெரும்பாலான அரசுப் பணி நியமனங்களை மாநில அரசு நிறுத்தியது. மருத்துவர், காவலர், ஆசிரியர் போன்ற சில பணிகளுக்கு மட்டும் விலக்கு. 2006 வரை இந்தத் தடை நீடித்தது. இதன் விளைவைப் பொருளியலாளர் குணால் மங்கல் ஆராய்ந்தார். இடங்கள் குறைந்தால் ஆட்கள் நம்பிக்கை இழந்து வேறு வேலைக்குப் போய்விடுவார்கள் என்றுதானே எதிர்பார்ப்போம்? நடந்தது மாறாக. அந்தக் காலத்தில் கல்லூரி முடித்த ஆண்களில் வேலைக்குப் போகிறவர்கள் குறைந்து, முழுநேரமும் தேர்வுக்குப் படிப்பவர்கள் கூடினார்கள். தடை நீங்கிப் பத்தாண்டு கழித்தும் அந்த வயதுக் குழுவினரின் வருமானம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. தனிக்குடும்பம் அமைப்பதும் தள்ளிப்போயிருந்தது. எனக்கு இந்த ஆய்வு சொல்லும் பாடம் தெளிவானது. இடம் குறைவதால் மட்டும் யாரும் கதவை விட்டு நகர்வதில்லை. கதவு என்றைக்காவது திறக்கும் என்ற நம்பிக்கையும், என்றைக்கு என்று தெரியாத நிலையும் சேர்ந்தால் நிற்பவர் நின்றுகொண்டேயிருக்கிறார். இவ்வளவு நாள் நின்றாயிற்று, நாளை திறந்துவிட்டால் என்ன செய்வது என்ற எண்ணம் ஒவ்வொரு மாதமும் வலுக்கிறது.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகள் பல. யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, தனியார் துறையில் வேலை இல்லையா என்பது முதல் மறுப்பு. இளநிலை உதவியாளரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாய். அகவிலைப்படியும் வாடகைப்படியும் சேர்ந்தால் முப்பதாயிரத்தைத் தாண்டும். குரூப் 2 பதவிகளில் இன்னும் கூடுதல். கலை, அறிவியல் பட்டம் முடித்துச் சிறு நகரத்தில் தனியார் வேலைக்குப் போகிறவருக்குப் பன்னிரண்டாயிரமோ பதினைந்தாயிரமோ சொல்கிறார்கள். மகப்பேறு விடுப்பு, வருங்கால வைப்புநிதி பற்றியெல்லாம் கேட்கவே கூச்சப்பட வேண்டிய நிலை. 2003 ஏப்ரல் முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது என்று ஆனபோதும் விண்ணப்பங்கள் குறையவில்லை. ஆகவே அரசு வேலையை நாடுவது மூடநம்பிக்கையோ சோம்பலோ அல்ல, கணக்குப் போட்டு எடுத்த முடிவு. அந்த முடிவை மதிக்கிற அரசு, அதற்குத் தேவையான விவரங்களையும் நேர்மையாகக் கொடுக்க வேண்டும். விருப்பம் என்பது தேதி தெரிந்தவருக்கே உண்மையான விருப்பம்.

இன்னொரு மறுப்பு எண்ணிக்கையைக் காட்டுகிறது. பத்து லட்சம் பேருக்குத் தேர்வு நடத்துவது விளையாட்டா என்கிறார்கள். விளையாட்டில்லை. ஆனால் மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் 2024 குடிமைப் பணித் தேர்வுக்கும் ஏறத்தாழ 9.9 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள், 5.8 லட்சம் பேர் எழுதினார்கள். ஜூன் 16 முதல்நிலை, செப்டம்பரில் முதன்மை, டிசம்பர் 9 முதன்மைத் தேர்வு முடிவு, 2025 ஏப்ரல் 22 இறுதி முடிவு. இந்த முதன்மைத் தேர்வுக்குத் தகுதிபெற்ற 14,600க்கும் மேற்பட்டோருக்குத் தலா ஒன்பது விரித்தெழுதும் தாள்கள். தாள்களைக் கூட்டினால் ஒரு லட்சத்து முப்பதாயிரத்தை ஒட்டி வரும். மூன்று மாதத்துக்குள் திருத்தி முடித்தார்கள். 2023இல் குரூப் 2 முதன்மைத் தேர்வில் 55 ஆயிரம் பேருக்குத் தலா இரண்டு தாள். கூட்டினால் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். பத்து மாதத்துக்கும் மேல் ஆனது. நம் ஆணையத்திடமும் திறமை இருக்கிறது என்பதற்கு 2024 குரூப் 2 தேர்வே சாட்சி: ஜூனில் அறிவிக்கை, செப்டம்பர் 14 முதல்நிலை, அடுத்த பிப்ரவரியில் முதன்மை. முந்தைய சுற்றைவிட இது எவ்வளவோ மேல், பாராட்டப்பட வேண்டியது. முடியும் என்று ஆகிவிட்டபின், அதை ஒவ்வோர் ஆண்டும் செய்வதற்குத் தடை என்ன என்பதே கேள்வி.

முறைகேட்டுக்குப் பயந்து நிதானமாகச் செய்கிறார்கள் என்றும் சிலர் வாதிடுகிறார்கள். 2020 ஜனவரியில் அம்பலமான குரூப் 4 மோசடி யாருக்கும் மறந்திருக்காது. ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதிய பலர் தரவரிசையின் உச்சிக்கு வந்ததில் தொடங்கிய விசாரணை, 99 பேருக்கு வாழ்நாள் தடையில் போய் நின்றது. 2017 குரூப் 2ஏ தேர்வையும் தொட்டது. அதன்பின் விடைத்தாளில் ‘விடை தெரியவில்லை’ என்று குறிக்க ஐந்தாவது கட்டம் வந்தது. ஒவ்வொரு விடைத் தெரிவையும் எத்தனை முறை நிரப்பினோம் என்று எண்ணி எழுதும் முறையும் வந்தது. இவை தேவையான காவல்கள். ஆனால் இவற்றுக்குத் தேர்வறையில் சில நிமிடங்கள்தான் பிடிக்கின்றன. ஆண்டுக்கணக்கான தாமதம் பிறப்பது காலியிடப் பட்டியல் வந்துசேராததாலும் விரித்தெழுதும் தாள்களைத் திருத்த ஆள் போதாததாலும் வழக்குகளாலும். முடிவு எவ்வளவு தாமதமாகிறதோ அவ்வளவு வதந்திக்கு இடம் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, கொஞ்சம் கவர்ச்சியான ஒரு யோசனை அடிக்கடி வருகிறது: முயற்சிகளுக்கு வரம்பு வையுங்கள், ஆறு முறைக்கு மேல் எழுத விடாதீர்கள், கூட்டம் தானாகக் குறையும். மத்தியத் தேர்வில் பொதுப்பிரிவினருக்கு அப்படி ஒரு வரம்பு இருக்கத்தான் செய்கிறது. தமிழ்நாட்டில் இதைக் கொண்டுவருவதை நான் முழுமையாக எதிர்க்கிறேன். முப்பத்தைந்து வயதில், பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியபின் மறுபடி புத்தகத்தைத் தொடும் பெண்ணுக்கும், பத்தாண்டு பனியன் கம்பெனியில் உழைத்துத் தொலைநிலைக் கல்வியில் பட்டம் வாங்கிய ஆணுக்கும் திறந்திருக்கும் ஒரே வாசல் இது. அதை அடைப்பது, ஆணையமும் அரசும் செய்யும் தாமதத்துக்கு விண்ணப்பதாரரைத் தண்டிப்பதாகும். ஒருவர் எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யட்டும். அந்த முடிவை எடுக்க அவருக்கு வேண்டியது மூன்றே விவரங்கள்: தான் எவ்வளவு தூரத்தில் நின்றோம், அடுத்த வாய்ப்பு எப்போது, அதில் எத்தனை இடம்.

தயாரிப்பு ஒருபோதும் வீண்போகாது, படித்த படிப்பு எங்கேயும் உதவும் என்று ஆறுதல் சொல்கிறவர்களும் உண்டு. முதல் சுற்றுப் படிப்புக்கு இது பொருந்தும். அரசமைப்புச் சட்டமும் தமிழக வரலாறும் நாட்டு நடப்பும் தெரிந்த குடிமக்கள் கூடுவதில் மாநிலத்துக்கு லாபமே. நான்காம் முறை அதே ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் பெட்டிச் செய்தியை மனப்பாடம் செய்வதில் யாருக்கு லாபம்? எந்த நிறுவனமும் அதற்குச் சம்பளம் தருவதில்லை. மத்திய ஆணையம் நேர்முகத் தேர்வு வரை வந்து இறுதியில் இடம் கிடைக்காதவர்களின் விவரங்களை, அவர்கள் சம்மதத்துடன் பிற நிறுவனங்களுக்குத் தருகிறது. ‘பிரதிபா சேது’ என்று 2025இல் அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். குரூப் 2 முதன்மைத் தேர்வு வரை வந்த பல்லாயிரம் பேர் கணக்கும் எழுத்தும் தெரிந்தவர்கள் என்று அரசே சோதித்துச் சான்று வைத்திருக்கிறது. கூட்டுறவு வங்கிகளும் மருத்துவமனைகளும் தொழிற்பேட்டைகளும் அந்தப் பட்டியலைப் பயன்படுத்த ஏன் வழி செய்யக் கூடாது?

இந்தக் குறையைத் திருத்தப் பெரிய நிதி வேண்டாம். ‘நான் முதல்வன்’ திட்டத்தில் குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகும் ஆயிரம் பேருக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் அரசு உதவித்தொகை தருகிறது. தயாரிப்புக் காலத்துக்கு ஒரு விலை உண்டு என்பதை அரசு ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சொந்தப் புத்தகத்தோடு நாள் முழுக்க உட்கார இடம் தந்திருக்கிறது; மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் பயிலும் வட்டங்கள் இலவச வகுப்பு நடத்துகின்றன. லட்சக்கணக்கான குரூப் 2 விண்ணப்பதாரர்களுக்கும் உதவித்தொகை தர எந்த அரசாலும் முடியாது. ஆனால் எல்லோருக்கும் தரக்கூடிய உதவி ஒன்று உண்டு, அது மாறாத காலண்டர். ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில் குரூப் 2 முதல்நிலைத் தேர்வு. ஓய்வுப் பட்டியலை வைத்து மூன்றாண்டுக்கு முன்கூட்டியே கணித்துச் சமன்படுத்திய காலியிடங்கள், அவற்றைக் காலத்தில் அனுப்பத் தவறும் துறைச் செயலர் பதில் சொல்லும் ஏற்பாடு. தேர்வு முறையில் எந்த மாற்றம் செய்தாலும் அது குறைந்தது ஓராண்டுக்குப் பிறகே நடைமுறைக்கு வரும் என்ற உறுதி. முதல்நிலையில் நின்றுபோனவருக்கும் அவர் மதிப்பெண்ணும் தரவரிசையும் உடனே தெரிய வேண்டும். அறிவிக்கையின் பின்னிணைப்பில் இப்போதும் ஒரு கால அட்டவணை அச்சாகிறது, ‘உத்தேசம்’ என்ற அடைமொழியோடு. அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டுப் பொறுப்பை ஏற்பதுதான் நான் கேட்கும் சீர்திருத்தத்தின் பெரும்பகுதி.

தயாராகிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. அரசு திருந்தும்வரை உங்கள் காலத்துக்கு நீங்கள்தான் காவல். தொடங்கும்போதே முடிவுத் தேதி ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள், அதை வீட்டிலும் சொல்லுங்கள். முதல் ஓராண்டை முழுநேரமும் கொடுத்துவிட்டால், இரண்டாம் ஆண்டிலிருந்து ஏதாவது ஒரு வேலையோடு சேர்த்துப் படியுங்கள். திருப்பிப் பார்க்கும் படிப்புக்குக் காலை இரண்டு மணி நேரமும் இரவு இரண்டு மணி நேரமும் போதும். வாங்கிய மதிப்பெண்ணுக்கும் கட் ஆஃபுக்கும் இடைவெளி இரண்டு சுற்றிலும் பெரிதாகவே இருந்தால் அதை நேர்மையாக ஏற்றுக்கொள்ளுங்கள். விலகுவது தோல்வி ஆகாது. முடிவுக்காக நாள் எண்ணும் மாதங்களில் கணினிக் கணக்குப் பதிவோ தட்டச்சோ மொழிபெயர்ப்போ, கூலி தரக்கூடிய ஒரு திறமையைக் கற்றுவிடுங்கள்.

ஆணையத்துக்கும் அரசுக்கும் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த குரூப் 2 அறிவிக்கையில் விண்ணப்பிக்கக் கடைசி நாளை அச்சிடுவதைப் போலவே, இறுதி முடிவு வெளியாகும் நாளையும் அச்சிடுங்கள். விண்ணப்பதாரர் ஒரு நாள் தாமதித்தால் அவர் விண்ணப்பம் ஏற்கப்படுவதில்லை. அதே கண்டிப்பை உங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.